மரக்கடை நாவல்

“இந்தப் புத்தகம் வெளிய வரக்கூடாது. அவ்வளவுதான். இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல” என்றார் மரக்கடைக்காரர். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

பதிப்பாளர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். இந்த மாதிரி ஆட்கள் அவருக்குப் புதிதில்லை. ஒரு புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லி வருகிறவர், அதைப் படித்துவிட்டு வந்து அவர் பார்த்ததே கிடையாது. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்!

பசை வாசனை இன்னும் போகாத புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நாவலை எழுதியவள் உட்கார்ந்திருந்தாள். மரக்கடைக்காரரின் தம்பி மனைவி. கடையில் அடுக்கியிருந்த மரக்கட்டைகள் சரிந்து தம்பி போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளிக்கூட வேலைக்குப் போய்க்கொண்டே, லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிய முதல் நாவல். திங்கட்கிழமை அது புத்தகக் கடைகளுக்குப் போக வேண்டும்.

“படிச்சுப் பார்த்துட்டுத் திட்டுங்களேன், பெரியத்தான்” என்றாள்.

“இந்தக் கண்றாவியை நான் வேற படிக்கணுமா? அதான் விளம்பரம் போட்டிருக்கீங்களே! ‘ஒரு மரக்கடை. ஒரு மரணம். மூடி மறைத்த உண்மை!’ வியாபாரிங்க சங்கத்துல ஆளாளுக்கு அதைக் காட்டி, இது உங்க வீட்டுக் கதைதானேன்னு கேக்குறாங்க. சங்கத் தலைவர் நான். எனக்கு எப்படி இருக்கும்?”

பதிப்பாளர் நெளிந்தார். அந்த விளம்பர வரி அவருடைய கைவண்ணம். நாவலில் அப்படி மூடி மறைத்த உண்மை எதுவும் கிடையாது. நாலு பேர் வாங்கட்டுமே என்று போட்டதுதான்.

“சார், கதைங்கறது கற்பனை...”

“கற்பனைன்னு நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. படிக்கிறவன் நம்பிடுவானே! சின்னப் பசங்க கையில கிடைச்சா என்ன ஆகும்? குடும்பம்னாலே அசிங்கம்னு நினைச்சுட மாட்டாங்களா? நாளைக்கு எவனோ ஒருத்தன் இதைப் படிச்சுட்டு இதே மாதிரி செஞ்சா யாரு பொறுப்பு? நீங்களா?”

“புருஷன் செத்தவ லாரி டிரைவரைக் கல்யாணம் பண்ணிக்கறா பாருங்க, அதைத்தானே சொல்றீங்க?” பதிப்பாளர் இறங்கி வந்தார். “அது கடைசி அத்தியாயம். வேணும்னா அதை மட்டும் மறுபடி அடிச்சு, கொஞ்சம் பூசி மெழுகிடலாம்.”

“ஒரு வரி எடுக்கக் கூடாது சார்” என்றாள் அவள். “முழுசா வந்தா வரட்டும். இல்லேன்னா வரவே வேண்டாம்.”

மரக்கடைக்காரர் கையை உதறினார். “அட, விடுங்க சார்! டிரைவரைக் கட்டிக்கட்டும், கிளீனரைக் கட்டிக்கட்டும். எனக்கென்ன வந்தது?”

பதிப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வம்பு வரும் என்று அவர் பயந்த இடமே அது ஒன்றுதான்.

“அப்போ எதைத்தான் எடுக்கச் சொல்றீங்க?”

“தம்பி சாகற இடத்தை.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாமல் எத்தனையோ நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதிருக்கிறாள். அதற்காகத்தான் இந்த நாவலையே எழுதினாள். கணவர் எப்படிப் போனார் என்பதை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு.

“அதுல என்ன தப்பு, பெரியத்தான்? நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?”

“நடந்ததா? நீ கண்டியா? அன்னிக்கு நீ ஊர்லயே இல்ல!” அவர் குரல் எகிறியது. “வாய்க்கு வந்ததை எழுதிட்டு நாவலாம், நாவல்! அண்ணன்காரன் பின்பக்கமாப் போய் அடுக்கோட முட்டுக்கட்டையை உருவி விட்டான்னு எழுதினா, படிக்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? நான் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?”

பதிப்பாளர் ஒரு கட்டைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

“சார், இதுல மழைக்கு மண்ணு இளகித்தான் அடுக்கு சரியுது. அண்ணன் அப்போ கடையிலயே இல்ல. சத்தம் கேட்டு ஓடி வர்றாரு, வெறுங்கையால கட்டைங்களைப் புரட்டித் தள்றாரு, தம்பியை மடியில போட்டுக்கிட்டு அழறாரு. முட்டுக்கட்டையைப் பத்தி இந்த நாவல்ல எங்கயுமே ஒரு வார்த்தை கிடையாதே!”

மரக்கடைக்காரர் புத்தகத்தைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

“ஆமா” என்றாள் அவள், அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “நானும் இந்த நிமிஷம் வரைக்கும் மழைதான் காரணம்னு நம்பிட்டிருந்தேன், பெரியத்தான்.”