கோழிக்கூட்டுக் கூரை

கால்பந்து மைதானத்து வேலியோரம் இரும்புத் தகட்டில் வெங்காயம் பொன்னிறமாகிக்கொண்டிருக்கிறது. தேர்தல் நெருங்கிவிட்டதால் இன்று ரொட்டிக்குள் வைக்கும் சாசேஜ் இறைச்சியைப் புரட்டுகிறவர் சட்டமன்ற உறுப்பினர் ரஸ்ஸல். புதுத் தொப்பி, முழங்கை வரை மடித்த சட்டை, ஆளுக்கொரு சிரிப்பு. வரிசையில் நிற்கும் நோலீனின் கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை. போன தேர்தலில் ஊர் வேலியெல்லாம் தொங்கிய ரஸ்ஸலின் படம் அது. ஓட்டுப் போட்டு முடிந்தால் இந்த ஊர்ப் பக்கம் இப்படிப்பட்ட பலகையெல்லாம் கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிடும். காலையில்தான் கூட்டிலிருந்து பிடுங்கி வந்திருக்கிறாள். ஆணி ஓட்டைகள் வழியே வெயில் அவள் செருப்பில் புள்ளி வைக்கிறது. பின்னால் மகள் கிர்ரா, தோளில் குழந்தை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரின் பின்சீட்டிலேயே பிறந்துவிட்ட குழந்தை.

"வாங்க நோலீன்! வெங்காயம் போடட்டுமா?"

அவருக்கும் வரிசைக்கும் தெரியும்படி பலகையை மேசையோரம் நிமிர்த்துகிறாள். படத்தின் நெற்றியிலும் பல்லிலும் கோழி எச்சம் காய்ந்து கிடக்கிறது. யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். ரஸ்ஸலும் சிரிக்கிறார்.

"உங்க கோழிங்க எதிர்க்கட்சி போலிருக்கே!"

"எச்சம் கழுவினாப் போயிடும், ரஸ்ஸல். கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

இடுக்கி அந்தரத்தில் நிற்கிறது. குழந்தை கொட்டாவி விடுகிறது. வெங்காயம் கருகுகிறது.

"நம்ம ஊர் பிரசவ வார்டை..." அவர் தொண்டையைச் செருமுகிறார். "மூட விடமாட்டேன்."

நோலீன் பலகையை இறக்கவில்லை.

"கடைசில நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம். இன்னொரு தடவை."