ஒற்றைக் குளிசை

ஆசுப்பத்திரிக் கட்டிலருகே கணவன் எமிலியானுஸ், மாமியார் அன்ரோனெற், டொக்டர் ஆகிய மூவரும் நின்றனர். பிரான்சிஸ்கா உடல் குளிர்ந்து, நினைவின்றிக் கிடந்தாள். மாமியார் கொடுமையால் சாகத் துணிந்தாள் என்று அவர்களின் ஊரான தாழ்வுபாட்டில் கதை எழும்பிவிட்டது.

"எத்தினை நித்திரைக் குளிசை போட்டவ?"

"ஒண்டுதான் டொக்டர். உடம்பு உளைவு, நோவில நித்திரையில்லாமல் கிடந்தா, நான்தான் குடுத்தனான்," அன்ரோனெற் நிமிர்ந்து சொன்னாள். "எங்கட குடும்பத்தில ஒருத்தரும் அப்பிடிச் சாகிறேல்லை."

டொக்டர் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். "தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு தந்த குளிசை?"

"மடுமாதா சுகமாக்கிப்போட்டா எண்டு கோயில் திருநாளோட அதை விட்டிட்டா," என்றான் எமிலியானுஸ்.

"அதுதான்! தைரொயிட் எடுத்த உடம்பு, அந்தக் குளிசையும் இல்லாட்டி ஒரு நித்திரைக் குளிசையே விழுத்திப்போடும். பயப்பிடாதேங்கோ, மருந்து ஏத்தினால் எழும்புவா."

இரண்டு நாளில் எழும்பினாள். "மாமி, தேத்தண்ணி தாங்கோ."

தாழ்வுபாட்டில் சொல்வதுபோல் பிரான்சிஸ்கா சாவதற்குக் குளிசை விழுங்கவில்லை. வாழ்வதற்கான குளிசையை விழுங்காமல் விட்டிருந்தாள்.