பிடி அரிசி

“ஸ்தோத்திரம் டீச்சரம்மா! சர்ச்சுலருந்து வந்திருக்கேன், பிடி அரிசி!”

கேட்டுக்கு வெளியே பாண்டிராஜின் குரல் கேட்டதும், ரூத் டீச்சர் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். கஞ்சி போட்ட சேலை, அதற்குத் தோதாக மாஸ்க். ஊரடங்கில் திருநகரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, இவர் மட்டும் கிறிஸ்மஸ் ஆராதனைக்குக் கிளம்பியவர் மாதிரி நின்றார்.

பிடி அரிசி அவர்கள் சபையின் வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் இல்லாதவர்களுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனி டின்னில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுபோவார்கள். இப்போது சர்ச்சுக்கே பூட்டு. அதனால் ஆள் வீடு தேடி வருகிறார்.

டின் தளும்பத் தளும்ப இருந்தது. ஒற்றை ஆளுக்குப் பொங்குகிற வீட்டில் ஒரு பிடி, ஒரு பிடியாகப் போட்டு டின் எப்படி நிறையும் என்று கேட்கக் கூடாது. அது டீச்சருக்கும் கர்த்தருக்கும் உள்ள விவகாரம்.

“சாப்டீங்களா டீச்சரம்மா?” என்றார் பாண்டிராஜ், பையை விரித்துப் பிடித்தபடி.

இந்த ஒரு கேள்விக்காகத்தானே வாரம் பூராவும் காத்துக் கிடப்பது! வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கனடாவில். பால்காரர்கூடப் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டு ஓடிவிடுகிறார். ஆராதனை போனில் வருகிறது, பாட்டும் பிரசங்கமும் வருகிறது. ஆனால் இவர் வாய்விட்டு “ஆமென்” சொன்னால், கூடச் சேர்ந்து சொல்லப் பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை.

“இட்லிதான் தம்பி. ஒரு ஆளுக்குன்னு மாவாட்டுனா, வாரம் பூராம் அதே இட்லி. வெளிய எப்படி இருக்கு?”

“பெரியார் பஸ் ஸ்டாண்டே வெறிச்சோடிக் கெடக்கு டீச்சரம்மா. இம்புட்டு அமைதியா மதுரைய நான் பாத்ததே இல்ல.”

டீச்சர் கண்ணை மூடி, அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் பாண்டிராஜ், “சரிங்கம்மா” என்று கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யார் பார்த்தாலும் சபைக்குப் புது ஆள் என்பார்கள். போகப் போகப் பழகிவிடும்.

அடுத்த ஞாயிறு டீச்சர் வராண்டாவில் டின்னோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. சபைப் போதகர் பெனடிக்ட். டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பாண்டிராஜும் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“டீச்சர், ஒரு விசயம். எவனோ ஒருத்தன் நம்ம சர்ச் பேரச் சொல்லி பிடி அரிசி வாங்கிட்டுத் திரியுறானாம். சர்ச்ச மூடுன அன்னைக்கே நாம அதை நிறுத்திட்டோம்ல? உங்க வீட்டுக்கு வந்தானா? வந்தா சொல்லுங்க, போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவோம்.”

கேட்டில் வைத்த கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றார் பாண்டிராஜ். முகம் செத்துவிட்டது.

டீச்சர் அவரையே பார்த்தார்.

“இல்லைங்கய்யா. எங்க வீட்டுக்கு யாரு வாரா?” என்று சொல்லிப் போனை வைத்தார்.

“மன்னிச்சிருங்க டீச்சரம்மா.” பாண்டிராஜ் கேட்டிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். “நான் உங்க சர்ச் ஆளே இல்ல, ஆட்டோக்காரன். அங்க சவாரி எறக்கிவிடுறப்ப அரிசி கொண்டு வாரவங்களப் பாத்திருக்கேன். வண்டி ஓடல. பிள்ளைக பசியில அழுகுறதப் பாக்க முடியல. சத்தியமா இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

வெறும் பையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

“நில்லு தம்பி!” டீச்சர் பதறிப்போய் எழுந்தார். “நிறுத்துனது எனக்கும் தெரியும். நீ மொதத் தடவ வந்தப்பவே தெரியும்.”

பாண்டிராஜ் திரும்பிப் பார்த்தார்.

“தெரிஞ்சுமா அரிசி போட்டீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா!”

“சொல்லியிருந்தா மறு வாரம் நீ வந்திருக்க மாட்டியேப்பா.”