எட்வினின் மூன்று வரி

நகுல் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து, டெலிட் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தான்.

பதினெட்டாயிரம் வரி கம்ப்யூட்டர் நிரல். மனிதர் எழுதியதல்ல. விதிகளைக் கொடுத்தால் ஒரு டூல் தானே எழுதித் தள்ளியது. அதையும் ஆபீஸில் எல்லோரும் எழுதும் நிரலோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"மெஷின் எழுதறதை எதுக்கு சேர்த்து வெச்சுண்டிருக்கணும், எட்வின் சார்? வேணும்னா ரெண்டு நிமிஷத்துல திரும்ப எழுத வெச்சுடலாமே," என்றான் நகுல், புது டீம் லீடர்.

அவன் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் எட்வினுக்குக் கஷ்டம்.

அம்பர்நாத்திலிருந்து மும்பை லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்து, குர்லாவில் மாறி, மறுபடி நின்று செம்பூர் வந்து சேர்பவனுக்கு வாதாடத் தெம்பு இருக்காது. ஆனாலும் ஆறு வருடமாக இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அவன்தான் தடுத்தான். நாளைக்கே டூல் ஓடாமல் போனால் என்ன செய்வது என்பான். வெங்கி, ஜெபா, முதலாளி விஜயராணி மேடம், எல்லோரும் அவன் பக்கமே சாய்ந்தார்கள். தன் வாய் சாமர்த்தியத்தில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

அந்த டூலை மறுபடி ஓட்டிப் பார்க்கவும் யாரும் முன்வந்ததில்லை. சோம்பேறிகள், அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டான்.

உண்மைக் காரணம் மூன்று வரி.

அவர்களுடைய மென்பொருள் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு முறை ஒதுக்குவது. ஆறு வருடத்துக்கு முன் பிள்ளையாரைக் கடலில் கரைக்கும் கணபதி விசர்ஜனுக்கு முந்தின நாள், விடுமுறையில் விழுந்த முறைகளெல்லாம் பட்டியலிலிருந்தே காணாமல் போயின. டூலைத் திருத்த நேரமில்லை. அது எழுதிய நிரலிலேயே கைவைத்து, முறையை மறுநாளுக்குத் தள்ள மூன்று வரி சேர்த்தான். இந்தத் தொழிலில் அது எச்சில் கையைச் சோற்றுப்பானைக்குள் விடுவது மாதிரி. மெஷின் எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள், திங்கட்கிழமை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்தான். எத்தனையோ திங்கட்கிழமை வந்து போயிற்று.

புதிதாக எழுதப்படும் நிரலில் அந்த மூன்று வரி இருக்காது. சொன்னால் இந்த வயதில் வேலை போகும். சொல்லாவிட்டால், தீபாவளிக்கு மறுநாள் யாரோ ஒருவர் கால் வீங்கி வந்து, பட்டியலில் பெயரில்லாமல் திரும்பிப் போவார்.

சுமந்தது போதும் என்று இருந்தது.

"அதுல நான் கை வச்சிருக்கேன், நகுல். மூணு வரி."

யாரும் நிமிரவில்லை. மேடம் திட்டக்கூட இல்லை.

நகுல் டூலை ஓடவிட்டு, புதியதையும் பழையதையும் ஒப்பிட்டான். வித்தியாசப்பட்ட வரிகள் சுவர்த்திரையில் விழுந்தன, பக்கத்தில் எழுதியவர் பெயரோடு.

எட்வினுக்குத் தன்னுடைய மூன்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரி இருந்தது.

வெங்கி நாற்பது. ஜெபா முப்பத்தொன்று. விஜயராணி மேடம் நூற்று முப்பத்தெட்டு.

ஆறு வருடமாகத் தன் பேச்சுக்குத் தலையாட்டியவர்களை எட்வின் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

நகுலின் பெயர் மட்டும் திரையில் இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.