கையை எடுங்க மேடம்

"விக்கிறப்ப, கையை எடுங்க மேடம், வண்டி பாத்துக்கும்னு சொன்னீங்க. இடிச்சப்புறம், நீங்கதான் பாத்திருக்கணும்ங்கிறீங்க. நடுவுல எப்ப சார் மாறுச்சு?"

மீனா இப்படிக் கேட்டது கார் ஷோரூம் மேனேஜர் விஜய்ஆனந்திடம். அவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

மீனாவுக்கு ஒரு பக்கம் புருஷன் முத்துப்பாண்டி, இன்னொரு பக்கம் அப்பா விருமாண்டி. பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரான விருமாண்டிக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது. வெயில், தூசி, வண்டி ஓட்டுவது எதுவும் இப்போதைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் தடுத்தும் கேட்காமல், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பி வந்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் காரில் ஒத்தக்கடைக்கு, அப்பா வீட்டுக்குப் போயிருந்தார்கள். மீனா அடுப்படியில் கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தபோது தெருவில் மடார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், எதிர்வீட்டு சாரதாம்பாள் டீச்சரின் கேட் தூண் சரிந்து கிடந்தது. அதன்மேல் காரின் பின்பக்கம் ஏறி நின்றது.

டிரைவர் கதவருகே முத்துப்பாண்டி முழித்துக்கொண்டு நின்றான், பக்கத்தில் விருமாண்டி. பட்டனை அமுக்கினால் நிழலில் தானாகப் போய் நிற்கும் என்று நினைத்தேன், அது பாட்டுக்குப் பின்னால் போய்விட்டது என்றான்.

அன்றிலிருந்து தெருவே அவனைக் கிண்டலடித்தது. டீக்கடைக்காரன் சங்கிலி, அண்ணே நீங்க மட்டும் வாரீங்க, காரு தனியா டீ குடிக்க வராதா என்று கேட்டான். சாரதாம்பாள் டீச்சரோ, இடித்தது மனுஷனா மிஷினா என்ற ஆராய்ச்சி தனக்கு வேண்டாம், தூண் எழுந்து நின்றால் போதும் என்றுவிட்டார். மீனாவும் சும்மா இருக்கவில்லை. கார் போகிற போக்கைக் கைகட்டி வேடிக்கை பார்த்த ஒரே ஆம்பளை நீங்கதான் என்றாள்.

விருமாண்டி மட்டும் கிண்டல் பண்ணவில்லை. மருமகன் ரிவர்ஸ் எடுத்தாலே பத்துக் குறை சொல்கிறவர், மிஷின் செய்ததற்கு மாப்பிள்ளை என்ன செய்வார் என்று இந்தத் தடவை பரிந்து பேசினார்.

மீனாவுக்கு நிஜமான கோபம் கம்பெனி மேல்தான். கார் பார்க்க வந்த அன்று, ஓட்டத் தெரியாத அவளையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இரண்டு கார்களுக்கு நடுவே வண்டி தானாகப் போய் நிற்பதைக் காட்டியிருந்தார்கள். அதில்தான் அவள் மயங்கினாள். அதற்கப்புறம் ஆபீஸில் ஆடிட் வந்துவிட்டதால், புக் பண்ணியது, டெலிவரி எடுத்தது எல்லாம் முத்துப்பாண்டி மட்டும்தான்.

மேனேஜர் பொறுமையாக விளக்கினார். தானாக நிறுத்தும் என்பது ஓட்டுகிறவருக்கு ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான். ஆள் சீட்டில் இருக்க வேண்டும், கால் பிரேக் மேல் இருக்க வேண்டும். ஒல்லியான கம்பி, குட்டைத் தூண் எல்லாம் சென்சாருக்குச் சில சமயம் தெரியாது. எதில் இடித்தாலும் பொறுப்பு ஓட்டுகிறவருடையதுதான்.

"அப்ப நுகர்வோர் கோர்ட்டுலயும் இதையே வந்து சொல்லுங்க சார்" என்றாள் மீனா.

கோர்ட் என்றதும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டனை எப்போது அமுக்கினார்கள், பிரேக்கில் கால் வைத்தார்களா என்பதெல்லாம் வண்டியிலேயே பதிவாகியிருக்கும், எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். முத்துப்பாண்டி பதறிப்போய், அதெல்லாம் எதற்கு சார், தூணை நானே கட்டிக்கொடுத்துவிடுகிறேன் என்றான். மீனா விடவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

அவர் வெளியே போய்க் காரில் உட்கார்ந்து எதையோ தேடினார். திரும்பி வந்தபோது தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"மேடம், நீங்க டெமோ பாத்தது டாப் மாடல். சார் எடுத்தது அதுக்கு ரெண்டு மாடல் கீழ. இந்த வண்டியில அப்படி ஒரு பட்டனே கிடையாது."

மீனாவுக்கு முகம் சிவந்துபோனது. ஆபீஸில் அத்தனை பேரிடமும் கம்பெனியை ஒரு கை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க ஓட்டித்தான் இடிச்சிருக்கீங்க?"

முத்துப்பாண்டி மாமனாரை ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்துகொண்டு, "ஆமா மீனா. ரிவர்ஸ்ல கொஞ்சம் தடுமாறிட்டேன்" என்றான்.

இம்புட்டு நாள் எல்லாரையும் முட்டாளாக்கினீர்களே என்று அவள் ஆரம்பிப்பதற்குள், விருமாண்டி நாற்காலியில் நெளிந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மகள் முகத்தைப் பார்க்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாப்ளைய வையாத தாயி. அந்த ஆட்டோமேட்டிக்கு நான்தான்."