பாடியவர் என்ற கட்டம்

நூற்றுப் பதினாறு பாட்டும் வந்துவிட்டன. அவள் போட்டு வைத்திருந்த ஃபோல்டர்களைத்தான் காணோம்.

பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். தவக்காலம். கிறிஸ்மஸ். கல்யாணம். அடக்க ஆராதனை. எல்லாம் அவள் பிரித்தது.

மகள் கொடுத்துவிட்டுப் போன மேக் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி, மொத்தத்தையும் இழுத்துப் போட்டிருந்தாள். அது ஃபோல்டரைக் கண்டுகொள்ளவில்லை. பாடியவர் பேரை வைத்துத் தானாக அடுக்கிக்கொண்டது.

ஒரே ஒரு பேர்தான் இருந்தது.

ஜே. செல்வின் துரை.

அவள் வீட்டுக்காரர்.

முதலில் மேக்கின் மேல்தான் கோபம் வந்தது. சனியன், தப்பாகப் படித்திருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இழுத்துப் போட்டாள்.

மறுபடியும் ஜே. செல்வின் துரை. நூற்றுப் பதினாறு.

ஒன்றைத் தட்டினாள்.

அவள் குரல். கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்து பாடியது. இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்குவது அப்படியே கேட்டது.

பழைய கம்ப்யூட்டரையும் போட்டாள். அதே பாட்டின் மேல் வலது கிளிக் செய்து விவரங்களைத் திறந்தாள். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. பாட்டுக் கேட்க அது எதற்கு?

அங்கேயும் அவர் பேர்தான்.

அடுத்த பாட்டு. அதற்கடுத்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி, எழுதியிருக்கிறார்.

நாளைக்குச் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அவளுக்குப் பொன்னாடை. இந்தப் பாட்டுகளை அறுபது பென்டிரைவில் போட்டு ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். அறுபது வீட்டில், அறுபது காரில், பாட்டு ஓடும்போது அவர் பேர் ஓடும்.

"ஏங்க. இங்க வாங்க."

பேப்பரோடு வந்தார்.

"எம்பாட்டுல எதுக்கு உங்க பேரு?"

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். சிரித்தார்.

"ரெக்கார்டு பண்ணது யாரு? மைக்கு யாருது? கம்ப்யூட்டர் ஒரு பேரு போடச் சொல்லிக் கேக்கும்லா, போட்டேன்."

"பாடுனது யாரு?"

"அது ஊருக்கே தெரியும்லா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு. டீயப் போடு, போ."

போய்விட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. மௌஸைப் பிடித்தாள்.

மேக்கில் எல்லாப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தாள். பாடியவர் என்ற கட்டத்துக்குப் போனாள். மொத்தமாக அழிக்க அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழுத்திய அழுத்தில் மேசை ஆடியது.

கட்டம் காலியானது.

தன் பேரை வேகமாக அடித்தாள்.

செ. எப்சிபா.

விரல் பழக்கம். ரேஷன் கார்டு, பாங்கு, சபைப் பதிவேடு, கல்யாணத்துக்குப் பிறகு எல்லாவற்றிலும் அப்படித்தான்.

செல்வினின் அந்த 'செ'யையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, டீ என்னாச்சி?"

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

வந்து உட்கார்ந்து, கர்சரைத் தன் பேருக்கு முன்னால், அந்தப் புள்ளியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

புள்ளியை அழித்தாள், பிறகு 'செ'யை.