முதுகும் வயிறும்

ஸ்காட்லாந்து மலைப்பக்கம் மோராக் என்றொரு செம்மறி ஆடு இருந்ததாம். அதன் ரோமத்தை ஒட்டக் கத்தரித்துவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஊசியாய்க் குத்தியது காற்று.

நடுங்கிக்கொண்டே ஓடிவந்த மோராக், கொடியில் காய்ந்த இரண்டு கம்பளிப் போர்வைகளைப் பார்த்தது. ஒன்று சிவப்பில் கறுப்புக் கட்டம். மற்றது பச்சையில் நீலக் கட்டம், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. அந்த நாட்டில் ஒவ்வொரு குலத்துக்கும் அடையாளமாக ஒரு கட்டம்.

"அண்ணன்மாரே, யாராவது என் மேல கொஞ்சம் விழுங்களேன். குளிர் தாங்கல."

"நீ எந்தக் குலம்? உடம்புல ஒரு கோட்டைக்கூடக் காணோமே!" என்றது சிவப்பு.

"கோடில்லாத ஆளைப் போர்த்திட்டு நாங்க வெளியில தலைகாட்ட முடியுமா?" என்றது பச்சை.

"நல்லா இருக்கே நியாயம்! ரெண்டு பேரும் போன வருஷத்து என் ரோமம்தானே? வாசனையே சொல்லுதே. சிவப்பண்ணே, நீங்க என் முதுகு. பச்சையண்ணே, நீங்க என் வயிறு. சாயத் தொட்டியிலதான் பிரிஞ்சு போனீங்க."

போர்வைகள் இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. மனசு இளகிவிட்டது என்றே மோராக் நினைத்தது.

"கேட்டியா?" என்று சிவப்பு மெதுவாக ஆரம்பித்தது. "நான் முதுகாம். நீ வெறும் வயிறு!"

"வயிறு இல்லாம முதுகு ஏதுடா?" என்று பச்சை பாய, சிவப்பு எகிற, இரண்டும் முறுக்கிக்கொண்டு இழுத்ததில் கிளிப்புகள் தெறித்தன. போர்வைகள் இரண்டும் பொத்தென்று மோராக்கின் மேலேயே விழுந்தன. விழுந்தும் வாய் ஓயவில்லை.

மோராக் காலை மடக்கி வசதியாகப் படுத்துக்கொண்டது.

"நிறுத்திடாதீங்க அண்ணே. நீங்க புரளப் புரள எனக்குக் கதகதன்னு இருக்கு."